முகாமில் பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

கேள்வி: பேரிடர் நிவாரண முகாம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். பொழுது சாய்ந்ததும் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை; கேட்டால் தாகமில்லை என்கிறார்கள். அவர்களுக்காக முதலில் எதைச் செய்வது?

பதில்: அவர்களுக்குத் தாகம் இருக்கிறது, சகோதரி, இருட்டில் கழிப்பறைக்குப் போகத்தான் பயம். சிறுநீரை அடக்கி அடக்கி வரும் தொற்று, கர்ப்பிணிகளுக்குச் சிறுநீரகம் வரை பரவிக் குறைப்பிரசவத்தில்கூட முடியலாம். ஆகவே இன்றிரவே இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு, அவர்கள் படுக்கும் இடத்திலிருந்து கழிப்பறை வரை நடந்து பாருங்கள். எந்தத் திருப்பத்தில் அவர்கள் நடையை எட்டிப் போடுகிறார்களோ, அங்கேதான் முதல் விளக்கு வர வேண்டும். கதவுக்கு உட்புறத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நிவாரணப் பணிக்கான ‘ஸ்பியர்’ கையேடு, கழிப்பறை தங்குமிடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும், ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று வேண்டும் என்றும் சொல்கிறது. பொறுப்பாளரிடம் பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாய்த் துணிகளையும் நாப்கின்களையும் பெண்களே தனியிடத்தில் வழங்கட்டும்.

கர்ப்பிணிகளின் பெயரையும் பிரசவத் தேதியையும் குறித்து வையுங்கள். ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கு மருத்துவமனையில் மட்டுமே கவனிக்கக்கூடிய சிக்கல் வரலாம் என்பதால், நள்ளிரவில் கூப்பிட்டாலும் வரக்கூடிய வண்டியை இப்போதே பேசி வைக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் சாலை அடைபட்டுவிட்டால் பிரசவத்துக்கு உதவ சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, புதிய பிளேடு, தொப்புள்கொடி கட்டச் சுத்தமான நூல் ஆகியவை கொண்ட பை ஒன்று கைவசம் இருக்கட்டும்.

நீங்கள் கேட்கத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண் உங்களிடம் வந்தால், நடந்ததைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று யாரும் அவளைத் திருப்பி அனுப்பவும் விடாதீர்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள்ளும், அவசரக் கருத்தடை மாத்திரையை 120 மணி நேரத்துக்குள்ளும் தொடங்கியாக வேண்டும். இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவள் சம்மதமின்றி அவள் பெயர் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. இந்த மருந்துகள் எந்த மருத்துவமனையில் இருக்கின்றன என்பதை, யாரும் வந்து கேட்பதற்கு முன்பே, நாளைக் காலையில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.