ஆஸ்பத்திரி ஏடும் பத்து ரூபாய் ஸ்டாம்பும்

ஒயின்ஷாப் போர்டுகள் தென்பட ஆரம்பித்தால் தமிழ்நாடு-புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிவிட்டோம் என்று கடலூர்ப் பேருந்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அதாவது ஆர்.டி.ஐ.யில், தகவல் கேட்டு மனு எழுத உட்காரும்போதுதான் அந்த எல்லை மறந்துபோகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் முதலாவதே அதுதான்.

ஜிப்மரிடம் தகவல் கேட்டு மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். தபாலில் அனுப்பலாமா? (நெல்லிக்குப்பம்)

அனுப்பாதீர்கள். அந்த ஸ்டாம்ப் தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்குத்தான் செல்லும். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு என்றால் சரி. புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை மத்திய அரசு நிறுவனம். அங்கே பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும், அல்லது மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் கட்டலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். அந்தந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் மனு கொடுக்கச் சட்டத்தின் 6(1) பிரிவு இடம் தருகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று இணைத்தால் கட்டணமே இல்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்ட தகவல் கிடைக்காமல் இரண்டாம் மேல்முறையீடு வரை போனால், கடலூர் மருத்துவமனை விவகாரம் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும். ஜிப்மர் மட்டுமல்ல, புதுச்சேரி அரசின் இந்திரா காந்தி மருத்துவமனை விவகாரமும் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குத்தான் போகும்.

அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது. கேஸ் ஷீட் வேண்டும். ஆர்.டி.ஐ. போடலாமா? (பாகூர்)

போடலாம், ஆனால் ஆர்.டி.ஐ. பதிலுக்கான கெடு முப்பது நாள், அதுவரை எதற்குக் காத்திருக்கிறீர்கள்? நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. அப்பாவின் கையெழுத்தோடு ஒரு மனு, ஆதார் நகல், ஓ.பி. சீட்டு அல்லது டிஸ்சார்ஜ் சம்மரி நகல் எடுத்துக்கொண்டு, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்கு, அதாவது எம்.ஆர்.டி.க்குப் போங்கள். மனுவின் இரண்டாவது நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். உள்நோயாளி எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த எண் டிஸ்சார்ஜ் சம்மரியின் தலைப்பிலேயே இருக்கும். தள்ளிப் போடவும் வேண்டாம். அதே விதிகளின்படி பதிவுகளை வைத்திருக்கச் சொல்லும் காலம் மூன்று ஆண்டுதான்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை பாதி நாள் இருப்பதில்லை. 'ஏன் தரவில்லை, யார் பொறுப்பு?' என்று கேட்டேன். 'இது தகவல் வரையறைக்குள் வராது' என்று பதில் வந்தது. (பண்ருட்டி அருகே)

உங்கள் கோபம் நியாயமானது, கேள்விதான் வழுக்கிவிட்டது. அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகி இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தில் வாங்க முடியும். புதிதாக விளக்கம் எழுதித் தரவோ கருத்துச் சொல்லவோ அலுவலர் கடமைப்பட்டவர் இல்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கு வரும் மனுக்களில் முக்கால்வாசி இந்த 'ஏன்' என்ற சொல்லில்தான் சிக்கிக் கிடக்கின்றன.

ஆகவே ஏட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இப்படி: 'மேற்படி நிலையத்தில் மெட்ஃபார்மின் 500 மி.கி. மாத்திரைக்கான இருப்புப் பதிவேட்டின், 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரையிலான பக்கங்களின் நகல். அதே காலத்தில் இந்த மாத்திரை கேட்டு அனுப்பப்பட்ட இண்டென்ட்டுகளின் நகல்.' அவ்வளவுதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து மாத்திரை வந்த தேதி ஏட்டில் இருக்கும், தீர்ந்த தேதியும் இருக்கும். வந்த தேதிக்கு முன்னால் இருப்பு எத்தனை நாள் பூஜ்ஜியமாக நின்றது, இண்டென்ட் எப்போது போனது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஏன்' என்பதற்கான பதில் தானாக வரும்.

பக்கத்துக்கு இரண்டு ரூபாய் ஆகும். ஏடு தடிமனாக இருந்தால் நகல் வேண்டாம், நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். அதுவும் உங்கள் உரிமைதான். அப்புறம், மாத்திரை இல்லாமல் நாளைக் கடத்த வேண்டாம். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று செவிலியரிடம் கேட்டுவிடுங்கள்.

தங்கைக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை ஏதோ சிகிச்சையில் இருந்ததாகச் சொல்கிறார்கள். ஆர்.டி.ஐ.யில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா? (லாஸ்பேட்டை)

முடியாது. பிறருடைய மருத்துவ விவரம் அந்தரங்கம். 8(1)(ஒ) பிரிவு, ஆங்கில வரிசையில் ஜே, கதவைச் சாத்திவிடும். மாப்பிள்ளையிடமே கேளுங்கள், பத்து ரூபாயும் மிச்சம்.

உயிர் பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரத்தில் கிடைக்குமாமே? (கடலூர் முதுநகர்)

கிடைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் என்ன ஆபத்து, ஏன் இரண்டு நாளுக்குள் வேண்டும் என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதி, மருத்துவர் சீட்டையும் இணைக்க வேண்டும். போன வருஷத்து மருந்து கொள்முதல் கணக்குக்கெல்லாம் 'உயிர்' என்று தலைப்புப் போட்டால் எடுபடாது.

மனு போய்ச் சேர்ந்து 45 நாள் ஆகிவிட்டது, பதிலே இல்லை. (திருப்பாதிரிப்புலியூர்)

இன்னும் பதினைந்து நாள்தான் உங்கள் கையில் இருக்கிறது. முப்பதாவது நாள் பதில் வராததே மறுப்புக்குச் சமம். அன்றிலிருந்து முப்பது நாளுக்குள் அதே துறையில் உள்ள முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். மாநில அலுவலகம் என்றாலும் சரி, மத்திய அலுவலகம் என்றாலும் சரி, இதற்குக் கட்டணம் இல்லை. கெடு தாண்டிவிட்டதால் நகல்களை இனி இலவசமாகவே தர வேண்டும் என்பதையும் ஒரு வரி சேருங்கள். தபால் ரசீதின் நகலை இணையுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.