மூச்சும் சுத்தியலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில், பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். மகள் பள்ளியில் கிளாரினெட் கற்கிறாள். அவளுடைய ஆசிரியை போன மாதம் எங்கள் ஊர் சர்ச் ஹாலில் ஒரு கச்சேரியில் வாசித்தார். ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸ்ஸூன் என்று நான்கு காற்று வாத்தியங்கள், கூடவே பியானோ. ஆசிரியையைத் தவிர எல்லோரும் வேறு வேலை பார்ப்பவர்கள். வாரம் ஒருமுறை கூடி வாசிப்பார்களாம். டிக்கெட் கிடையாது, வாசலில் ஒரு உண்டியல். முதலில் இந்த ஐந்துக்கும் மோட்சார்ட் எழுதிய குவின்டெட், நடுவில் டீ, பிறகு புல்லாங்குழலும் சேர்ந்துகொள்ள, பூலாங்க் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் செக்ஸ்டெட்.

நான் கல்யாணம் வரைக்கும் வாய்ப்பாட்டு கற்றவள். மோட்சார்ட் எனக்குத் துண்டு துண்டாகப் பட்டது. ஒருவர் இரண்டு வரி வாசித்து நிறுத்துகிறார், அடுத்தவர் ஆரம்பிக்கிறார். நம் ஆலாபனை மாதிரி யாரும் ஒன்றை முழுசாகச் சொல்லி முடிப்பதில்லை. ஹார்ன் இரண்டு இடத்தில் பிசிறியது. பஸ்ஸூன் பியானோவுக்கு அடியில் அமுங்கியே போனது. காற்று வாத்தியங்கள் மட்டும் ஒலித்த இடங்களில் சுருதி அவ்வளவு சுத்தமாக இருந்தது. பியானோ நுழைந்ததும் என்னவோ மாறியது. என் பிரமையா தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அதே மோட்சார்ட்டை யூடியூபில் போட்டோம். ஒரு பிசிறு இல்லை. “இதை விட்டுட்டு அந்தக் குளிர்ல போய் உட்காரணுமா?” என்கிறார் என் கணவர். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் மறுபடி போகத்தான் மனசு சொல்கிறது. ஏன்?

அன்புடன்,
எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

பிரமை இல்லை. உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. தம்புராவோடு பாடிப் பழகியவர் நீங்கள். மந்தர ஷட்ஜத் தந்தியை, அதாவது கீழ் ‘ஸ’வை மீட்டினால் அதற்குள்ளிருந்தே அந்தர காந்தாரம் என்ற ‘க’ எழும்பி வருமே, அதுதான் உங்கள் காதில் இருக்கும் காந்தாரம். பியானோவின் காந்தாரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அரை ஸ்வர இடைவெளியை 100 பங்காக்கினால் 14 பங்கு கூடுதல். பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களையும் சம தூரத்தில் வைத்துச் சுருதி கூட்டுவதால் வருவது இது. ஓபோவும் கிளாரினெட்டும் தங்களுக்குள் வாசிக்கும்போது உதடும் மூச்சும் அந்தக் காந்தாரத்தைத் தாமாகவே இறக்கிக்கொள்ளும். பியானோ நுழைந்த கணமே ஏறியாக வேண்டும், ஏனென்றால் பியானோ இறங்கி வராது. வாரம் ஒருமுறை கூடும் ஒரு குழுவிடம் இந்த வேறுபாடு உங்கள் காதுக்கு எட்டியிருக்கிறது என்றால், அவர்கள் ஒருவரையொருவர் நன்றாகக் கேட்டு வாசிப்பவர்கள் என்று அர்த்தம்.

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், சுருதி இறங்கும். ஊத ஊதச் சூடேறிச் சுருதியும் ஏறும். கச்சேரிக்கு முன்னால் ஒவ்வொருவராகப் பியானோவில் ஒரு கட்டையைத் தட்டச் சொல்லி, ஊதிப் பார்த்து, எதையோ இழுத்து, மறுபடி ஊதியிருப்பார்கள். கிளாரினெட்டில் வாய்ப்பகுதிக்குக் கீழே உள்ள குட்டி மூட்டை ஒரு மில்லிமீட்டர் இழுத்தால் சுருதி இறங்கிவிடும். ஓபோவில் அந்தச் சலுகை குறைவு. நாதஸ்வரம் போலவே அதற்கும் இரட்டை நாக்குள்ள சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல். சுருதியில் பெரும்பகுதி அந்தச் சீவாளியிலும் அதைக் கவ்வும் உதட்டிலும்தான் இருக்கிறது.

இனி, ‘துண்டு துண்டாக’ என்றீர்களே, அது. நீங்கள் குறையாகச் சொன்னதுதான் என் பார்வையில் அந்த இசையின் உயிர்.

மோட்சார்ட் முன்னால் இருந்த சிக்கலைப் பாருங்கள். வயலின், வியோலா, செல்லோ மூன்றும் ஒரே குடும்பம், சேர்ந்து இழைத்தால் ஒரே குரலாகிவிடும். இந்த நான்கும் அப்படி இல்லை. ஓபோவுக்கு இரட்டை நாக்கு, கிளாரினெட்டுக்கு ஒற்றை நாக்கு, ஹார்ன் பித்தளை, பஸ்ஸூன் வேறொரு உலகம். நான்கையும் நீளமாகச் சேர்த்து ஊதவிட்டால் கேட்பவருக்குக் காது சலிக்கும், ஊதுபவருக்குத் தம் போய்விடும். ஓபோக்காரரின் நிலைமை இன்னும் விசித்திரமானது. சீவாளியின் வாய் அவ்வளவு சின்னது என்பதால் நெஞ்சில் காற்று தீர்வதே இல்லை, உள்ளேயே தங்கிக் கெட்டுப்போகிறது. அதை முதலில் வெளியே தள்ளிவிட்டுத்தான் புதிதாக இழுக்க முடியும். பியானோவுக்கோ நேர் எதிரான குறை. சுத்தியல் தந்தியில் பட்ட மறுகணமே ஒலி தேயத் தொடங்கிவிடும். ஊதுபவர்களால் ஒலியைத் தாங்கி நிறுத்த முடியும், ஆனால் மூச்சு விட்டாக வேண்டும். பியானோ மூச்சு விட வேண்டியதில்லை, ஆனால் அதனால் எதையும் தாங்கி நிறுத்த முடியாது.

இந்த இரண்டு இயலாமைகளையும் வைத்தே அவர் கட்டினார். ஒரு நீண்ட வாக்கியத்தைச் சிறு சிறு சொற்களாக உடைத்து வாய்க்கு வாய் கைமாற்றுகிறார். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுக்கும்போது முதலாமவர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். இடைவெளிகளில் பியானோ ஓடி நிரப்புகிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி, நீளத்தைக் குறைத்துக்கொண்டே குறைப்பு வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே ‘இவர் துண்டு துண்டாக வாசிக்கிறார்’ என்று உங்களுக்குத் தோன்றாது, இருவருக்கும் நடுவில் ஓடும் கணக்கைப் பின்தொடர்வீர்கள். இங்கேயும் ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொள்ளாமல், கைமாறும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போங்கள். கடைசிப் பகுதியில் ஓரிடத்தில் ஐந்து பேரும் சேர்ந்து, தாளம் தவறாமல், ஒரு கடென்ஸா வாசிப்பார்கள். வழக்கமாகத் தனி ஒருவர் தன் வித்தையைக் காட்டுகிற இடம் அது. அதை ஐந்து பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த இடத்துக்காகவே நான் இந்தப் படைப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

மோட்சார்ட் தன் படைப்புப் பட்டியலில் இதற்கு இட்ட தேதி 1784 மார்ச் 30. அதே மார்ச்சில், பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் கான்செர்ட்டோக்கள் இரண்டை வேறு முடித்திருந்தார். ஏப்ரல் 1 அன்று வியன்னாவின் பர்க் தியேட்டரில் அவரே பியானோவில் அமர்ந்து அரங்கேற்றினார். பத்து நாளுக்குள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், வாழ்நாளில் தான் எழுதியதிலேயே சிறந்தது இதுதான் என்று தான் கருதுவதாகச் சொல்கிறார். ஆக, முதலில் ஒலித்தது பெரிய அரங்கில்தான். ஆனால் அந்த ஜூன் மாதமே வியன்னாவுக்கு வெளியே டோப்ளிங்கில், ப்ளோயர் என்பவர் வீட்டுக் கச்சேரிக்கு இதே குவின்டெட்டை எடுத்துப்போனார். அந்த வீட்டுப் பெண் பார்பரா ப்ளோயர் அவருடைய மாணவி, மேடைத் தொழில் செய்தவர் அல்ல. அன்று அவர் வாசிப்பதற்காகவும் மோட்சார்ட் ஒரு புதிய கான்செர்ட்டோ எழுதிக் கொடுத்திருந்தார். ரஷ்யாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் வியன்னா வந்திருந்த இத்தாலிய இசையமைப்பாளர் பைசியெல்லோவை, தன் இசையையும் மாணவியையும் கேட்கவேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார். உங்கள் ஊர் சர்ச் ஹால் அந்த டோப்ளிங் வீட்டின் வாரிசு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தொழிலாக வாசிக்கும் ஒருவரும் வேறு பிழைப்புள்ளவர்களும் ஒன்றாக உட்காருவது இந்த இசைக்குப் புதிதல்ல.

ஹார்ன் பிசிறியதற்கு வருகிறேன். ஏறத்தாழ 12 அடி நீளக் குழாயைச் சுருட்டி வைத்த வாத்தியம் அது. மேல் ஸ்தாயியில் இயல்பாக எழும் ஸ்வரங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். எது ஒலிக்க வேண்டும் என்பதை விரலால் அழுத்தும் வால்வு மட்டும் முடிவு செய்வதில்லை, உதட்டின் இறுக்கமும் முடிவு செய்கிறது. இம்மி தவறினால் பக்கத்து ஸ்வரம் வந்து நிற்கும். பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களிலும் இது நடக்கும். மோட்சார்ட் காலத்து ஹார்னில் வால்வே கிடையாது, அதற்குக் காப்புரிமை பெற்றதே 1818இல்தான். அதுவரை வாயகன்ற முனைக்குள் கையை நுழைத்து மூடித் திறந்துதான் பல ஸ்வரங்களை எடுத்தார்கள். வாசிப்பின் நடுவே வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிக் கவிழ்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். விழுவது பெரும்பாலும் எச்சில் அல்ல, மூச்சு குளிர்ந்து நீரானது.

பஸ்ஸூன் அமுங்கியதை மட்டும் நான் நியாயப்படுத்த மாட்டேன். அது தவிர்த்திருக்கக்கூடிய குறை. மோட்சார்ட் வாசித்த பியானோ மரச்சட்டத்தில் செய்தது, ஐந்து ஸ்தாயிதான், தோல் சுற்றிய சின்னச் சுத்தியல்கள். இன்றைய இரும்புச்சட்டப் பியானோவில் அதே ஸ்வரங்களை அதே பலத்தோடு அடித்தால் பஸ்ஸூன் காணாமல்தான் போகும். மூடியைத் தாழ்த்தி, இடது கையை இலேசாக வைத்திருக்க வேண்டும். பஸ்ஸூன் என்ன செய்யும் என்பது அன்றிரவே பூலாங்கில் தெரிந்திருக்குமே. 1932இல் எழுதி 1939இல் திருத்திய அந்த செக்ஸ்டெட்டின் முதல் பகுதியில், அமளி ஓய்ந்ததும் பஸ்ஸூன் தனியாக ஏக்கத்தோடு பேசும் இடம் ஒன்று வரும்.

உங்கள் கணவருக்கு ஒரு சம்பவம் சொல்லுங்கள். மோட்சார்ட்டைப் பார்த்து அதே ஆதார ஸ்வரத்தில், அதே ஐந்து வாத்தியங்களுக்குப் பீத்தோவனும் ஒரு குவின்டெட் எழுதினார். 1804இல் லோப்கோவிட்ஸ் பிரபுவின் மாளிகையில் அதை வாசிக்கையில், கடைசிப் பகுதியில் ஒரு நிறுத்தத்தைச் சாக்காக வைத்துத் தன்னிச்சையாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார். இதோ முடிக்கப் போகிறார் என்று ஊதுபவர்கள் வாத்தியத்தை வாய்க்குக் கொண்டுபோவதும், அவர் முடிக்காததால் இறக்குவதுமாக இருந்தார்களாம். ஓபோ வாசித்த ராம் என்பவருக்குக் கோபம், அவையோருக்குக் கொண்டாட்டம். பீத்தோவனின் மாணவர் ரீஸ் எழுதி வைத்தது இது. ஒலிப்பதிவில் இருந்திருந்தால் நீளமான பியானோ வாசிப்பு மட்டும்தான் கேட்டிருக்கும். அடுத்தவர் எப்போது மூச்சு எடுப்பார் என்று நான்கு பேர் காத்திருப்பது அறைக்குள் இருந்தால்தான் தெரியும். உங்களை மறுபடி போகச் சொல்வது அதுதான் என்று நினைக்கிறேன். யூடியூபும் வேண்டும், படைப்பைத் தெரிந்துகொள்ள அதைப்போல வசதி வேறில்லை. கச்சேரிக்கு முந்தின நாள் கேளுங்கள்.

அடுத்த முறை முன்வரிசையில், ஓபோவின் தோள் ஏறி இறங்குவது தெரியும் தூரத்தில் உட்காருங்கள். ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம். அவர்கள் ஒத்திகைக்கு வரலாமா என்று ஆசிரியையிடம் கேளுங்கள், ஒரே நான்கு வரியைப் பத்து விதமாக வாசித்துப் பார்ப்பார்கள். மகளுக்கு ஸ்வரக்குறிப்பு படிக்கத் தெரியும் என்றால், பியானோக்காரருக்குப் பக்கம் திருப்பிவிட ஆள் தேவைப்படுகிறதா என்றும் கேட்டுவையுங்கள்.

அன்புடன்