பீரோ மேல் தூங்கும் ஸ்கைலைன்: முதல் மாடல் கார் கட்டுவதற்கான தைரியம்

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஆசைப்பட்டு டாமியா 1/24 அளவு நிசான் ஸ்கைலைன் ஆர்34 கிட் வாங்கினேன். பெட்டியைத் திறந்து பார்த்தேன், அவ்வளவு பாகங்களைப் பார்த்ததும் மூடி பீரோ மேல் வைத்துவிட்டேன். மற்றவர்கள் கட்டியதைப் படத்தில் பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, நமக்கு இது வராது என்று தோன்றுகிறது. விலை குறைந்த கிட் ஒன்று வாங்கி முதலில் பழகட்டுமா? பெயிண்ட் கெட்டுப்போனால் என்ன செய்வது? ஏர்பிரஷ் இல்லாமல் முடியுமா?"

தம்பி, பயம் இருப்பதில் தப்பில்லை. ஆனால் உங்கள் பயம் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பாடிக்குப் பெயிண்ட் அடிப்பதை நினைத்துத்தான் நடுங்குகிறார்கள், அதுவோ எத்தனை முறை வேண்டுமானாலும் கலைத்துத் திரும்பச் செய்யக்கூடிய வேலை. கண்ணாடிப் பாகத்தை, அதாவது ஜன்னலுக்கு வருகிற தெளிவான பிளாஸ்டிக்கை, ஒட்டுவதைப் பற்றி யாரும் ஒரு நிமிஷம்கூட யோசிப்பதில்லை, அங்கேதான் ஒரு சொட்டுப் பசை தப்பினாலும் கதை முடிந்தது. எது திரும்பும், எது திரும்பாது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் தானாகப் போய்விடும், மீதிப் பாதி இருந்துவிட்டுப் போகட்டும், அது கையை நிதானமாக வைத்திருக்கும்.

முதலில் திரும்பக்கூடியதைச் சொல்கிறேன். பெயிண்ட் வழிந்துவிட்டதா, தூசி ஒட்டிவிட்டதா, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக வந்துவிட்டதா, உடனே துணியை எடுத்துத் துடைக்கப் போகாதீர்கள், அப்படியே காய விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு 1500 அல்லது 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்துவிட்டு அதன் மேல் இன்னொரு கோட் அடித்தால் போதும், பெரும்பாலான தப்புகள் இதிலேயே காணாமல் போகும். அதற்கும் மசியாத அளவு கெட்டுவிட்டதென்றால் மொத்தத்தையும் உரித்துவிடலாம். மொபைல் ரிப்பேர் கடையில் போர்டு கழுவ ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்திருப்பார்களே, அதையே வாங்கி, மூடி போட்ட டப்பாவில் பாடியை ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் பிளாஸ்டிக்குக்குச் சேதம் இல்லாமல் பெயிண்ட் கழன்று வரும். லேக்கர் வகை, அதாவது சீக்கிரம் காய்கிற, காட்டமான ஆவி உள்ள பெயிண்ட் என்றால் ஒரு ராத்திரி ஊற வேண்டியிருக்கும். எதற்கும் முதலில், பாகங்கள் ஒட்டி வந்த பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத் துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, விளக்குப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. தின்னரில் ஊறப்போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். பெயிண்டோடு சேர்ந்து காரும் கரையும், அவ்வளவுதான்.

திரும்பாதது கொஞ்சம்தான், ஆனால் அங்கே கவனம் வேண்டும். கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். அதற்கென்று விற்கிற டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரியான சிமென்ட் (மாடல் ஒட்டும் திரவம்) நாம் நினைக்கிற பசையே இல்லை, இரண்டு பாகத்தின் விளிம்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். ஒட்டிக் காய்ந்த பிறகு அது ஒரே பிளாஸ்டிக், பிரிக்க நினைத்தால் உடையும். அதனால் ஒவ்வொரு பாகத்தையும் பசை இல்லாமல் பொருத்திப் பார்த்த பிறகுதான் பசைப் பாட்டிலையே திறக்க வேண்டும். இந்த சிமென்ட் கண்ணாடிப் பாகத்தில் பட்டால் வெந்த மாதிரி தழும்பு விழும். சரி, ஃபெவிக்விக் போடலாமே என்றால் அது இன்னும் மோசம், அதன் ஆவி பட்டே கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். கண்ணாடிக்கு நம் சாதாரண வெள்ளை ஃபெவிகாலே போதும், வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம், காய்ந்தால் தெரியாது. ஹெட்லைட் மூடிக்கும் அதேதான். குரோம் பூசிய பாகம் இருந்தால் ஒட்டுகிற இடத்தில் மட்டும் குரோமைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள், பூச்சின் மேல் ஒட்டினால் பூச்சோடு கழன்று வரும்.

இன்னொன்று, தேய்த்து மட்டும் சரிசெய்ய முடியாதது, ரசாயனச் சண்டை. எனாமல் (எண்ணெய் சார்ந்த, மெதுவாகக் காய்கிற) பெயிண்ட் அடித்ததன் மேல் லேக்கர் ஸ்பிரே அடித்தால் கீழே உள்ளது சுருங்கிச் சுருங்கி எழும்பும். பிரைமர் (கலருக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு), கலர், கிளியர் (கடைசியில் மேலே அடிக்கிற நிறமில்லாப் பூச்சு) மூன்றையும் ஒரே கம்பெனி, ஒரே வகையில் வாங்கிவிடுங்கள், முதல் காரில் கலப்புப் பரிசோதனை வேண்டாம்.

இப்போது விலை குறைந்த கிட் பற்றி. என் பதில்: வேண்டாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் மலிவாகக் கிடைக்கிற பழைய அச்சு கிட்டுகளில் பாகங்கள் சரியாகப் பொருந்தாது, இடைவெளியைப் புட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, திரும்ப நிரப்பி என்று அனுபவசாலியே அலுத்துப்போவார். அதில் ஆரம்பித்தால் தப்பு கிட்டுடையதா உங்களுடையதா என்றே தெரியாது, தெரியாதபோது நாம் நம்மைத்தானே குறை சொல்லிக்கொள்வோம். டாமியாவில் பாகம் உட்காரவில்லை என்றால் பெரும்பாலும் வெட்டிய இடத்தில் பிசிறு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், அது உங்களுக்கே கண்ணில் படும். பெயிண்ட்டே இல்லாமல் ஒன்று செய்து கையைப் பழக்கவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஆஓஷிமாவின் 1/32 ஸ்னாப் கிட் வரிசை இருக்கிறது, சுசுகி ஜிம்னி மாதிரி வண்டிகள், கலர் பிளாஸ்டிக்கிலேயே வரும், பசையும் வேண்டாம். சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். அது போதும், அதற்கு மேல் பழகுவதற்கென்று தனியாகக் காசு செலவழிக்காதீர்கள்.

பழக வேண்டியதை இந்த ஸ்கைலைனிலேயே பழகலாம், வரிசையை மட்டும் சரியாக எடுங்கள். குறிப்புத்தாள் சொல்கிற வரிசையும் அதுதான்: முதலில் சேசிஸ், அடியில் போகிற சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட். காரை அலமாரியில் வைத்த பிறகு அதை யாரும் பார்க்கப் போவதில்லை. அங்கே நிப்பர் (பாகம் வெட்டுகிற சின்னக் கட்டர்) பிடிக்கவும், பசை எவ்வளவு தொட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும், பிரஷ்ஷால் கறுப்பு, சில்வர் வைக்கவும் தாராளமாகப் பழகிக்கொள்ளுங்கள். பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்டும்போது ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, பிறகு கிட்டத்தில் இன்னொரு வெட்டு, மிச்சத்தைக் கத்தியால் சீவி 600 நம்பர் பேப்பரில் ஒரு இழுப்பு. ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்து, சில சமயம் பள்ளமே விழும். அப்புறம் சீட், டேஷ்போர்டு. மங்கலான கறுப்பு அடித்தாலே உள்பக்கம் நன்றாகத் தெரியும். இது இரண்டும் முடிவதற்குள் உங்கள் கை வேறு கையாகியிருக்கும், அப்போது பாடியை எடுங்கள்.

பாடிக்கு முன்னால் ஸ்பூன். 2022-இல் தடை வருவதற்கு முன் ஜிகர்தண்டாவோடு தந்தார்களே பிளாஸ்டிக் ஸ்பூன், வீட்டில் மிச்சம் கிடந்தால் எடுங்கள், அதில் வளைத்தால் பட்டென்று முறிகிற வகை பெரும்பாலும் பாலிஸ்டைரீன்தான், உங்கள் காரின் அதே பிளாஸ்டிக். நான்கைந்து ஸ்பூனைக் கழுவி, அதன் முதுகில் பிரைமரும் கலரும் அடித்துப் பாருங்கள். ஸ்பூனின் வளைவு காரின் பானெட் வளைவு மாதிரியே இருப்பதால் பெயிண்ட் எங்கே திரள்கிறது, எங்கே வழிகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். ஸ்பூனுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, அதைத் தாண்டிப் போன பிறகு விரலை எடுங்கள். முதல் இரண்டு கோட் தூவல் மாதிரி மெல்லிசாக, கீழே உள்ள நிறம் தெரிந்தால் தெரியட்டும். கடைசி கோட்டில்தான் ஈரமாக, மின்ன மின்ன. எல்லாத் தப்பும் முதல் கோட்டிலேயே மூடிவிட வேண்டும் என்கிற அவசரத்தில்தான் நடக்கிறது.

கலர் தேர்விலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. முதல் பாடிக்குப் பளபளக் கறுப்பு வேண்டாம், ஒரு தூசி விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும். மஞ்சள், சிவப்பு இரண்டும் கீழே உள்ள நிறத்தை எளிதில் மறைக்காது, வெள்ளை பிரைமர் கேட்கும். ஸ்கைலைன் என்றாலே அந்த மெட்டாலிக் நீலம்தான் நினைவுக்கு வரும், தெரியும். ஆனால் மெட்டாலிக்கை இடையில் தேய்த்துத் திருத்தினால் அந்த இடம் மட்டும் தனி நிறமாகத் தெரியும். மெட்டாலிக் இல்லாத நீலமோ சாம்பலோ எடுங்கள், மேலே கிளியர் அடித்து மெருகேற்றுங்கள். மெருகேற்றும்போது பாடியின் விளிம்புகளையும் மடிப்புகளையும் தொடாதீர்கள், அங்கே பெயிண்ட் மெலிந்திருக்கும், நான்கு தேய்ப்பில் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற மெல்லிய படம்) ஒட்டியிருந்தால் அதன் மேல் கிளியரையும் முதலில் தூவலாகத்தான் அடிக்க வேண்டும், எடுத்தவுடன் ஈரமாக அடித்தால் டெக்கால் சுருண்டுவிடும்.

நம் ஊர்ப் பக்கம் வானிலை ஒரு தனிப் பாடம். வெளிநாட்டு வீடியோக்களில் கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுக்கச் சொல்வார்கள், அது குளிர் ஊர்க்காரர்களுக்கு, சித்திரை வெயிலில் நீங்கள் அப்படிச் செய்யவே வேண்டாம். கத்திரி வெயில் மத்தியானத்தில் மொட்டை மாடியில் நின்று அடித்தால் பெயிண்ட் காரில் போய் விழுவதற்குள்ளேயே பாதி காய்ந்து, சொரசொரவென்று மணல் தூவிய மாதிரி உட்காரும். காலையில் வெயில் ஏறுமுன் அடியுங்கள். ஆடியில் காற்று, கூடவே புழுதி, அந்த மாதம் மாடிப் பக்கமே போகாமல் ஜன்னல் பக்கம் பெரிய அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து அதற்குள் அடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் லேக்கர் அடித்தால் காற்றின் ஈரம் பெயிண்ட் மேல் படிந்து வெள்ளையாகப் பனி பூத்த மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு ஒட்டுகிற வேலையைப் பாருங்கள். எங்கே அடித்தாலும் வாயில் துணி கட்டிக்கொள்வது தூசிக்குத்தான் உதவும், லேக்கர் ஆவிக்கு கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் (ஆவியை வடிகட்டுகிற முகமூடி) வேண்டும், இதில் கஞ்சத்தனம் கூடாது.

சாமான் எல்லாவற்றையும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. வாட்டர் பேப்பர் 400-லிருந்து 2000 வரை வண்டிப் பெயிண்ட் விற்கிற கடையில் தாள் கணக்கில் கிடைக்கும். சாமணமும் ஊசி அரமும் மதுரையில் நகைக் கடைகள் நிறைந்த தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் பட்டறைச் சாமான் எங்கே விற்கிறது என்று விசாரித்து வாங்குங்கள், ஆசாரிமார் கைக்கென்று செய்தது, மாடல் கடைச் சாமானுக்கு ஒரு குறையும் வைக்காது. ஆனால் பெயிண்ட்டை மட்டும் அங்கே இங்கே வாங்காதீர்கள். டிங்கரிங் பட்டறையில் தெரிந்த பெயிண்டர் "கொண்டா தம்பி, நானே அடிச்சுத் தரேன்" என்று அன்பாகத்தான் சொல்வார். அவர் தின்னர் வெறும் பாலிஸ்டைரீனைக் கடித்துவிடும், அது தவிர கனம் வேறு. நிஜக் காரில் பெயிண்ட் மொத்தமே 0.1 மி.மீ. பக்கம்தான் இருக்கும். அதே கனத்தை 1/24 காரில் பூசினால் நிஜத்தில் 2.4 மி.மீ. பூசிய கணக்கு, கதவு இடுக்கெல்லாம் மூழ்கிப்போகும்.

படத்தில் பார்த்தது கண்ணாடி மாதிரி மின்னுகிறது என்றீர்களே, அதற்கும் இந்த அளவுக் கணக்குதான் பதில். 4.6 மீட்டர் நீள ஸ்கைலைன் உங்கள் கையில் 19 செ.மீ.தான். அதை மேக்ரோ லென்ஸில் கிட்டத்தில் எடுத்துத் திரை முழுக்க விரித்துக் காட்டுகிறார்கள், அதுவும் பல வருஷமாகக் கட்டுகிறவர்கள் தங்கள் வேலையில் நன்றாக வந்த பக்கத்தைத் திருப்பி வைத்து எடுத்த படம். நீங்களோ உங்கள் காரை மூக்கருகில் வைத்துக் குறை தேடுகிறீர்கள். ஒரு முழம் தள்ளி மேஜையில் வைத்துப் பாருங்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் அங்கிருந்துதான் பார்ப்பார்கள். நான் புதியவர்களுக்குச் சொல்வது, கட்டி முடிக்கும்வரை மற்றவர்கள் படத்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள், சந்தேகம் வந்த இடத்துக்கு மட்டும் வீடியோ தேடுங்கள்.

ஏர்பிரஷ் கேட்டீர்கள். இப்போது வேண்டாம். அதற்கு கம்ப்ரஸர் வேண்டும், பெயிண்ட்டை எவ்வளவு நீர்க்கக் கலப்பது என்று பழக வேண்டும், ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவ வேண்டும், முதல் காரில் இத்தனையையும் சேர்த்துத் தலையில் ஏற்றினால் கிட் திரும்ப பீரோ மேல் போய்விடும். டாமியா டிஎஸ் வரிசை ஸ்பிரே கேனிலேயே அருமையான பாடி வரும். உங்களுக்கு வேண்டிய நிறம் கேனில் இல்லை என்று தேட ஆரம்பிக்கும்போது ஏர்பிரஷ் வாங்கிக்கொள்ளலாம். ஒரு விஷயம், ஸ்பிரே கேனை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், தரை வழியாகத்தான் வரும், வந்து சேர நாளாகும். பிரைமர், கலர், கிளியர் மூன்றுக்கும் இன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டு பெட்டியை இறக்குங்கள், அவை வருவதற்குள் சேசிஸும் சீட்டும் முடிந்திருக்கும்.