மருந்து யாருக்கு?

ஐயா, வணக்கம். பினாங்கில் மருந்தாய்வு படிக்கிறேன். இனிப்புநீருக்கான ஒரு மூலக்கூறில் எங்கள் குழு வேலை செய்கிறது. விலங்குச் சோதனைகூட முடியவில்லை. அதற்குள் இது சந்தையில் எந்த இடத்தில் நிற்கும் என்று எழுதித் தரும்படி பேராசிரியர் கேட்கிறார். நோய் தீரும் முன்பே வியாபாரக் கணக்கா?
ஒரு வாசகி, பினாங்கு

அன்புள்ள மாணவிக்கு,

'சந்தை' என்ற சொல்தான் உங்களை உறுத்துகிறது. அதை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்: இந்த மருந்தை யார், எந்த வேளையில், எதற்குப் பதிலாகச் சாப்பிடப் போகிறார்? சோதனையில் நிரூபித்ததைத்தான் மருந்துப் பெட்டியின் குறிப்புத்தாளில் எழுத முடியும். முதியவர்களுக்கு ஏற்றது என்று சொல்ல, முதியவர்களைச் சோதனையில் சேர்த்திருக்க வேண்டும். பழைய மருந்தைவிட மேல் என்று சொல்ல, அதனோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். மனிதர்களிடம் நடக்கும் சோதனையின் கடைசிப் படியான மூன்றாம் கட்டம் முடிந்தபின் இது நினைவுக்கு வந்தால், மறுபடி ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியதுதான்.

என் அப்பாவுக்கும் இனிப்புநீர்தான். லிட்டில் இந்தியாவில் சாப்பிட உட்கார்ந்தால், இலை போட்டதும் சட்டைப்பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுப்பார். பின்முனையைத் திருகி, "பத்து" என்று முணுமுணுத்து, சட்டையை ஓரமாகத் தூக்கிக் குத்திக்கொள்வார். சாம்பார் வருவதற்குள் பேனா பைக்குள் போயிருக்கும்.

2006இல் ஃபைசர் நிறுவனம் மூச்சில் இழுக்கும் இன்சுலினுக்கு அனுமதி பெற்றது. எக்ஸுபெரா என்று பெயர். ஊசி வேண்டாம், மருந்தும் வேலை செய்தது. ஆனால் கருவியை விரித்தால் டென்னிஸ் பந்து டப்பா அளவுக்கு நிற்கும். அதை அப்பா இலைக்கு முன்னால் எடுத்து வைப்பாரா? உலகமே யூனிட்டில் எண்ணும் இன்சுலினை இதில் மில்லிகிராமில் எண்ண வேண்டும். அதிலும் 1 மில்லிகிராம் ஏறக்குறைய 3 யூனிட் என்றால், 3 மில்லிகிராம் 9 அல்ல, 8 யூனிட்! தொடங்கும் முன் நுரையீரல் பரிசோதனை வேறு. 2007 அக்டோபரில் கைவிட்டார்கள். நட்டக் கணக்கு 280 கோடி டாலர். எனக்கு இன்றும் ஆறவில்லை. ஊசிக்கு அஞ்சியவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மருந்து அது.

நம் மலேசியாவிலேயே நேர்மாறாக நடந்திருக்கிறது. ஈரலைத் தாக்கும் ஹெப்பாட்டிட்டிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிர் மருந்து 2013இல் அமெரிக்காவில் வந்தபோது 12 வாரத்துக்கு 84,000 டாலர். அந்த விலையை எட்ட முடியாதவர்களுக்காகவே, அதனுடன் சேர்த்துத் தரும் ரவிடாஸ்விரை டிஎன்டிஐ என்ற இலாப நோக்கற்ற மருந்தாய்வு அமைப்பும் நம் சுகாதார அமைச்சும் கையில் எடுத்தன. 2016இலேயே, இரண்டும் சேர்ந்த சிகிச்சை 300 டாலர் என்று எகிப்திய நிறுவனம் ஒன்றோடு பேசி முடித்தார்கள். மலேசியாவிலும் தாய்லாந்திலும் நடந்த சோதனையில் ஈரல் சுருங்கியவர்களையும் எச்ஐவி உள்ளவர்களையும் சேர்த்தார்கள், ஏனென்றால் மருந்துக்குக் காத்திருந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். 97 விழுக்காட்டினர் குணமடைந்தார்கள். 2021இல் மருந்து இங்கே பதிவானது.

ஆகவே தயங்காமல் எழுதுங்கள். முதல் வரியில் நோயாளி வரட்டும்: வயது என்ன, வேறு எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார், சாப்பாட்டுக்கு எங்கே உட்காருகிறார். எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.