எதிலும் மனம் ஒட்டவில்லை

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் திருச்சபை இளைஞரோடு கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போய்வந்தேன். வந்ததிலிருந்து வீட்டில் எதிலும் மனம் ஒட்டவில்லை. புட்டையும் மீன்குழம்பையும் கண்டால், அங்கே வெறுஞ்சோறு தின்ற பிள்ளைகளை நினைத்து அம்மாவில் எரிந்து விழுகிறேன். சபையாரோ போனில் படங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். திரும்பிப் போய்விடவா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: தங்கச்சி, முதலில் அம்மாவோடு ராசியாகும். நீர் வருகிறீர் என்று விடியவே சந்தைக்குப் போய் மீன் வாங்கியவர் அவர். புட்டைத் தள்ளிவைத்தால் அங்கே ஒரு பிள்ளைக்கும் வயிறு நிறையாது. படம் பார்த்தவர்களை விடும். ஆறுதலாக இருந்து கேட்கக்கூடிய ஒருவரிடம், ஒரேயொரு பிள்ளையைப் பற்றி முழுதாகச் சொல்லும்; மனம் இறங்கும்.

உம்முடைய ஊரிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீனை அறிவீர். 1847இல் வந்தவர், 1873இல் தாயகம் திரும்பிய பிறகும் தமிழ் மருத்துவ நூல் வேலையைக் கைவிடவில்லை. ஊழியம் விமானத்தோடு முடிவதில்லை என்று நான் உறுதியாக நம்புவது அதனால்தான். கம்போடியாவில் பழகிய கெமர் மொழியைத் தொடர்ந்து படியும். ஞாயிறு பாடசாலையில் ஒரு வகுப்பைப் பொறுப்பெடும். திரும்பிப் போவதைப் பற்றி அடுத்த வருசம் போதகரோடும் அம்மாவோடும் இருந்து கதையும்.