பதிலுக்குப் பதில்

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஒரு காரியத்துக்காக ஜெபித்தேன். பதில் கிடைத்தது. ஆலயத்தில் சாட்சி சொல்லி, "கர்த்தர் உண்மையுள்ளவர்" என்று முடித்தேன். அதே காரியத்தைத் தமக்காகவும் கேட்டு, என்னோடு முழங்காலில் நின்ற ஒரு சகோதரி எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. நான் நன்றி சொன்னது தவறா?

பதில்: தவறில்லை. அது இருக்கட்டும். "பதில் கிடைத்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் 'பதில்' என்னை விடமாட்டேன் என்கிறது. இந்தப் பக்கத்தின் தலைப்பில் பாதி அதுதான். நானும் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

அரபியிலிருந்து வந்த சொல் அது. அங்கே அதற்கு 'மாற்று' என்று அர்த்தம். தமிழிலும் அந்த வாடை போகவில்லை. "அவருக்குப் பதில் இவர் வந்தார்" என்கிறோம். அப்படியானால் "ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது" என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம். கேட்டது கிடைத்தது என்றும் படிக்கலாம், கேட்டதற்குப் பதில் வேறொன்று கிடைத்தது என்றும் படிக்கலாம். வேதத்தில் அப்போஸ்தலன் பவுலுக்குக் கிடைத்தது இரண்டாவது வகை. தம்மை வாட்டிய ஒரு வேதனையை 'முள்' என்று கொரிந்து சபைக்கு எழுதினார். அதை எடுக்கச் சொல்லிக் கர்த்தரிடம் மூன்று தரம் கெஞ்சினார். முள் அங்கேயே இருந்தது. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற வார்த்தை வந்தது.

"என்னை நோக்கிக் கூப்பிடு" என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 33:3இல், வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பு 'பதில்' என்று சொல்லாது. "உனக்கு உத்தரவு கொடுத்து" என்றுதான் இருக்கும். சின்ன வயதில் இதை நான் அலுவலக உத்தரவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு பெரிய மேசை, அதில் கோப்புகள். பவுலுக்கு வந்தது இப்படி இருந்திருக்கும்: "பொருள்: முள்ளை அகற்றக் கோருதல். பார்வை: தங்கள் விண்ணப்பங்கள் மூன்று. மேற்படி கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. கிருபை போதிய அளவில் ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளதால், முள் தற்போதுள்ள இடத்திலேயே தொடரும் எனத் தெரிவிக்கப்படுகிறது. நகல்: கொரிந்து சபை, தகவலுக்காக."

'உத்தரவு' என்றால் அங்கே மறுமொழிதான் என்று ஒரு முறை இந்தப் பக்கத்தில் விளக்கினேன். வேதத்தில் கை வைத்துவிட்டேன் என்று ஒரு வாசகர் சந்தாவை நிறுத்திவிட்டார். ஆனால் மாதம் தவறாமல் யாரிடமோ இரவல் வாங்கிப் படித்துவிட்டுக் கண்டனக் கடிதம் எழுதுகிறார். அவருடைய உண்மையும் பெரிதாயிருக்கிறது.

சரி, சாட்சிக்கு வருவோம். சாட்சிகளின் நீளத்தைப் பற்றி நான் புலம்புவது பழைய வாசகர்களுக்குப் புதிதல்ல. அப்போஸ்தலர் 12ஐ எடுங்கள். இயேசுவின் சீடர் பேதுரு, ஏரோது ராஜாவின் சிறையில் இருக்கிறார். இரண்டு சங்கிலி, இரு பக்கமும் ஒவ்வொரு சேவகன், காவலுக்கு மொத்தம் பதினாறு பேர். சபை ஊக்கமாக ஜெபிக்கிறது. தூதன் வந்து விடுவிக்கிறான். பேதுரு நேராக மாற்குவின் தாயாகிய மரியாளின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்து "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள்! எதற்காக ஜெபித்தார்களோ அது கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கதவு திறந்ததும் பேதுரு என்ன செய்தார்? பேசாமலிருக்கும்படி கையமர்த்தினார், நடந்ததைச் சொன்னார், போய்விட்டார். ஒரே வசனத்தில் சாட்சி முடிந்தது. இரண்டு பாட்டு, நடுவில் கைதட்டல், "கடைசியாக ஒரு வார்த்தை" என்று ஆரம்பிக்கும் அடுத்த கால் மணி நேரம், எதுவும் இல்லை.

ஆனால் அந்த அதிகாரம் பேதுருவில் ஆரம்பிக்கவில்லை. இரண்டாம் வசனத்திலேயே ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுவிட்டான். யோவானின் சகோதரன் யாக்கோபு, அவரும் இயேசுவின் சீடர். அவருக்காகச் சபை ஜெபிக்காமலா இருந்திருக்கும்? என்னால் நம்ப முடியவில்லை. அதே சபை, அதே ஏரோது. ஒருவருக்குத் தூதன், ஒருவருக்குப் பட்டயம். காரணம் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. காரணம் சொல்லிவிடுகிற பிரசங்கியார்களைத்தான் நான் கண்டால் ஒதுங்கிப் போகிறேன். "விசுவாசம் போதவில்லை" என்பார்கள். வாசலில் நின்ற பேதுருவை நம்பாத கூட்டத்துக்கா விசுவாசம் பொங்கி வழிந்தது?

அந்த வீட்டில் அன்றிரவு யாக்கோபின் தாயார் உட்கார்ந்திருந்தால் என்று யோசித்துப் பார்க்கிறேன். இயேசுவின் ராஜ்யத்தில் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் அவருடைய வலது பக்கமும் இடது பக்கமும் இடம் கேட்டவர். "நீங்கள் கேட்டுக்கொள்ளுகிறது இன்னது என்று உங்களுக்குத் தெரியவில்லை" என்ற மறுமொழியைப் பெற்றவர். அவர் முன்னால் பேதுரு எந்தக் குரலில் பேசியிருப்பார்? உங்கள் சகோதரி எழுந்து போனதை நினைத்தால் எனக்கு அந்த அம்மாள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

"கர்த்தர் உண்மையுள்ளவர்" என்று நீங்கள் முடித்த வாக்கியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதை நாம் எப்போதும் கேட்டது கிடைத்த பிறகுதான் சொல்கிறோம், கணக்கு நேரானதும் ரசீது கொடுப்பதுபோல. "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்ற வரி எங்கே இருக்கிறது? வேதத்தில் புலம்பல் என்ற புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில். எருசலேம் இடிந்து கிடக்கிறது. அந்த வரிக்கு முன்னால், நான் கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துவிட்டார் என்று இருக்கிறது. பின்னால், ஜெபம் நுழையாதபடி மேகத்தால் உம்மை மூடிக்கொண்டீர் என்று இருக்கிறது. இரண்டு புகாருக்கும் நடுவில் நின்றுகொண்டு சொன்ன வரி அது. உங்களைவிட அந்தச் சகோதரிக்குத்தான் அது பக்கத்தில் இருக்கிறது. அவரிடம் போய் இதை எடுத்துச் சொல்லிவிடாதீர்கள், அடி விழும். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மூன்று வருடம் உங்களோடு முழங்காலில் நின்றவர். உங்களுக்குக் கிடைத்ததும் முழங்காலை விட்டு எழுந்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஒரு ஜெப நோட்டு உண்டு. இடது பக்கம் விண்ணப்பம், வலது பக்கம் பதில் வந்த தேதி. பிரிஸ்டலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லர் இப்படிக் குறித்துவைத்தார் என்று படித்துவிட்டு ஆரம்பித்தது. அவருடைய ஒழுங்கு எனக்கு வரவில்லை. போன வாரம் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டு "அந்த விஷயம்" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் "கண்ணீரோடு" என்று வேறு. மை கொஞ்சம் கலைந்திருந்ததால் கண்ணீர் நிஜம்தான் போலிருக்கிறது. வலது பக்கம் காலி. எந்த விஷயம்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கிடைத்து நன்றி சொல்ல மறந்தேனா, கிடைக்காமல் வருத்தப்பட மறந்தேனா, அதுவும் தெரியவில்லை. பேனாவை எடுத்து வலது பக்கத்தில் அன்றைய தேதியைப் போட்டு, "ஸ்தோத்திரம்" என்று மட்டும் எழுதி மூடிவைத்தேன்.