தாஜ்மகாலின் கும்மட்டம் வெளியே அவ்வளவு பெரிது, உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் சிறிதாக இருக்கிறதே, ஏன்?

நீங்கள் உள்ளே பார்ப்பதும் வெளியே பார்ப்பதும் ஒரே கும்மட்டம் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருக்கின்றன. சமாதி அறைக்குக் கூரையாக இருப்பது உள் கும்மட்டம். அறைத் தரையிலிருந்து சுமார் 25 மீட்டரில் முடிந்துவிடுகிறது. வெளியே தெரியும் வெங்காய வடிவம் அதற்கு மேல் தனியாக, உயரமான உருளைக் கழுத்தின் மீது நிற்கிறது. நிலத்திலிருந்து கலச நுனிவரை 73 மீட்டர். கலசத்தையும் அடியில் உள்ள மேடையையும் கழித்த பிறகும், உள் உச்சிக்கும் வெளி உச்சிக்கும் நடுவே ஏறத்தாழ 30 மீட்டர் வருகிறது. அதில் பெரும்பகுதி வெறும் இருட்டு.

இப்படிக் கட்டக் காரணம் உண்டு. சமாதி அறையின் அகலம் 18 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த அகலத்துக்கு 60 மீட்டர் உயரக் கூரை போட்டால், கிணற்றுக்குள் நின்று மேலே பார்ப்பது போல இருக்கும். அறைக்கு ஏற்ற உயரத்திலேயே கூரை போட்டு நிறுத்திவிட்டால், வெளியே நான்கு பக்கமும் எழும் பெரிய வாயில் வளைவுகளுக்குப் பின்னால் கும்மட்டம் மறைந்துபோகும். தோட்ட வாசலில் நுழைபவர் சுமார் 300 மீட்டர் தள்ளி நின்றுதான் முதலில் பார்க்கிறார். அந்தத் தூரத்துக்கு ஒரு கும்மட்டம், உள்ளே நிற்பவருக்கு ஒரு கும்மட்டம்.

இதை ஷாஜகானின் கொத்தர்கள் கண்டுபிடிக்கவில்லை. சமர்கந்தில் தைமூரின் சமாதியில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது உண்டு. டெல்லி சுல்தான் சிக்கந்தர் லோடியின் சமாதியிலும் இரட்டை ஓடு, அதாவது உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு கும்மட்டம், இருக்கிறது. முகலாயர்களில் அதைப் பெரிய அளவில் செய்து காட்டியது 1570 வாக்கில் முடிந்த ஹுமாயூன் சமாதி. தாஜ் அதன் நேர் வாரிசு. என்னைக் கேட்டால், டெல்லியில் அதைப் பார்த்துவிட்டு ஆக்ரா போவதுதான் சரியான வரிசை.

ஒற்றை ஓடு போட்டால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் பீஜப்பூர் கோல் கும்பஸைப் பாருங்கள். பீஜப்பூரை ஆண்ட ஆதில்ஷாகிகள் கட்டியது, தாஜின் சமகாலம், 1656இல் முடிந்தது. உள் விட்டம் சுமார் 38 மீட்டர், தாஜின் அறையைப் போல இரு மடங்குக்கு மேல். உள்ளே நின்றால் மூச்சு நின்றுவிடும். வெளியே அதே கும்மட்டம் கனத்த சதுரப் பெட்டியின் மேல் உட்கார்ந்தது போலத் தெரியும்.

இரட்டை ஓட்டில் கவனிக்க வேண்டியது பாரம். செங்கல்லும் சுண்ணாம்பும் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அரைக்கோளக் கும்மட்டத்தில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகைக்கு (டிகிரி) கீழே சுற்றுவட்டமாக இழுவை தொடங்குகிறது. அடி வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். அடி மெலிதாக இருந்தால், உரித்த ஆரஞ்சுச் சுளைகள் பிரிவது போல செங்குத்தாக வெடிக்கும். அதனால்தான் தாஜின் வெளி ஓடு அடியில் மீட்டர் கணக்கில் தடிமன். உடல் முழுக்கச் செங்கல், சுண்ணாம்பு. ராஜஸ்தானின் மக்ரானாவில் எடுத்த சலவைக்கல் மேல் போர்வை மட்டுமே.

சிக்கலும் அந்தப் போர்வையில்தான். பலகைக் கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்தார்கள். இணைப்பில் சுண்ணாம்பு உதிர்ந்தால் மழைநீர் இறங்கும். இரும்பு துருப்பிடித்து வீங்கும். வீங்கினால் கல்லின் விளிம்பு பிளக்கும். பிளந்த வழியே இன்னும் நீர் இறங்கும். கட்டி முடித்த சூட்டிலேயே கசிவு தொடங்கிவிட்டது. 1652 டிசம்பரில் இளவரசர் ஔரங்கசீப் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், மழைக்காலத்தில் பெரிய கும்மட்டம் வடக்குப் பக்கம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, வாயில் வளைவுகளிலும் சிறு கும்மட்டங்களிலும் ஈரம் ஏறியிருக்கிறது என்கிறார். இரட்டை ஓட்டில் இது கூடுதல் ஆபத்து: வெளி ஓட்டில் இறங்கும் நீர் உடனே அறைக்குள் சொட்டாமல் நடு வெற்றிடத்தில் தங்கலாம். உள் கூரையில் கறை தெரியும்போது மேலே சேதம் முற்றியிருக்கும்.

இந்தக் கட்டடங்களில் ஒழுகலுக்கு சிமென்ட் பூசுவது மிக மோசமான வைத்தியம். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைக்கும், தன் எடையையும் ஏற்றும். ஹுமாயூன் சமாதியின் கூரையில் 20ஆம் நூற்றாண்டில் அடுக்கடுக்காகப் போட்ட கான்கிரீட்டை பிற்காலச் சீரமைப்பில் பெயர்த்தபோது, 10 லட்சம் கிலோவுக்கு மேல் இறங்கியது. அதன் இடத்தில் போட்டது பழைய முறைச் சுண்ணாம்புக் கலவை: நீற்றிய சுண்ணாம்பு, செங்கல் தூளான சுர்க்கி, கூடவே வெல்லம், வில்வப்பழக் கூழ், உளுந்து. நம்மூரில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பது போலத்தான். பூசியபின் பல நாள் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் மயிரிழை வெடிப்பு விழும், அடுத்த மழைக்கு அதுவே வழி.